பகுதி சபையில் குப்பைத் திட்டம்: எதைக் கேட்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். பாளையங்கோட்டையின் வெளி ஓரத்தில், ஒரு காலத்தில் வயலாகக் கிடந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய ஆயிரம் வீடுகள். வார்டுக்குள் ஜனங்களும் கவுன்சிலரும் அதிகாரிகளும் கூடிப் பேசுகிற பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் உங்கள் ஏரியாவின் குப்பைத் திட்டம் பேச்சுக்கு வருகிறது. நலச் சங்கத்தில் ஒருவர் தெருமுனைக்குத் தெருமுனை தொட்டி வேண்டும் என்கிறார். இன்னொருவர் எரிக்கும் எந்திரம் ஒன்று வாங்கிப் போடச் சொல்கிறார். வண்டி இன்னொரு நடை வந்தால் போதும் என்பது மூன்றாமவர் கட்சி. சங்கச் செயலாளர் என்ற முறையில் மனுவில் எதை எழுதுவது என்று கேட்கிறீர்கள்.

இந்த மாவட்டத்தின் உள்ளாட்சிகளில் சுகாதாரப் பிரிவில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். என் பதில் இதுதான்: அந்த மூன்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். மக்கும் குப்பை உங்கள் ஏரியாவைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மனுவின் முதல் வரி இதுவாக இருக்கட்டும். மற்ற எல்லாக் கோரிக்கையும் இதிலிருந்துதான் கிளைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று ஒரு கைக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தால் ஆயிரம் வீட்டுக்கு ஒன்றரை டன். நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவுதான்: காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேங்காய்த் துருவல், வாழை இலை, மீன் செதில். ஆக, 800 கிலோவுக்குக் குறையாமல் ஈரம். இதைத்தான் தினமும் டீசல் செலவழித்து மாநகராட்சி லாரியில் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்கு ஏற்றி அனுப்புகிறோம். ஏற்றுவதில் பெரும் எடை தண்ணீர். அங்கே போய்க் குவிந்ததும், காற்றுப் புகாத அடியில் அது அழுகி மீத்தேன் வாயுவாகிறது. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். கோடையில் கிடங்கில் தீப்பிடித்தால் அணைக்க நாள்கணக்கில் பாடுபட வேண்டியிருப்பது இந்த வாயுவாலும், கூடக் கிடக்கும் பிளாஸ்டிக்காலும்தான். அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்கள் உங்கள் ஏரியாக்காரர்கள் இல்லை. ராமையன்பட்டிப் பக்கத்து ஜனங்கள்.

அப்புறம் இன்னொரு கேடு. ஈரம் கலந்துவிட்டால் காய்ந்த குப்பையும் வீணாகிறது. சாம்பார் ஒட்டின அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் வாங்க மாட்டார்கள். சோறு ஒட்டின பால் கவரைக் கழுவி எடுப்பவரும் கிடையாது. ஈரத்தைத் தனியாக எடுத்துவிட்டால் மிச்சம் கிடப்பது நாற்றமில்லாத, நாலு நாள் வைத்திருந்தாலும் கெடாத சரக்கு. அதற்கு நிதானமாக வழி பார்க்கலாம். அதனால்தான் எதையும் ஈரத்திலிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

இது நமக்குப் புதிதா என்றால், இல்லை. உங்கள் வீடுகள் நிற்கிற இடத்திலேயே நாற்பது வருஷத்துக்கு முன் எருக்குழிகள் இருந்திருக்கும். வீட்டுக் கழிவு, சாணி, அடுப்புச் சாம்பல், சருகு எல்லாம் அதில்தான் விழும். கார் நடவுக்கு முன்னால் குழியை வெட்டி, வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். பிசானத்துக்கு இன்னொரு தடவை. தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம் விளைந்த மண்ணுக்குச் சாப்பாடு அப்படித்தான் போனது. வயல் மனையானதும் குழி மூடப்பட்டது, குப்பை மட்டும் நிற்கவில்லை.

சரி, ஏரியாவுக்குள்ளேயே மக்க வைப்பது எப்படி? உங்கள் ஏரியாவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் இருக்கும். அதன் ஓரத்தில் உரக்கூடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் நுண்ணுர மையம் என்ற பெயரில் கட்டியிருக்கிறார்கள், புதிதாக யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் தொட்டி எத்தனை என்ற கணக்கில்தான் பல இடத்தில் கோட்டை விடுகிறார்கள். ஒரு தொட்டி ஒரு வாரத்தில் நிரம்புகிறது என்று வையுங்கள். நிரம்பிய தொட்டியை 45 நாளாவது தொடாமல் விட வேண்டும். அப்படியானால் சுற்று முடிந்து முதல் தொட்டிக்குத் திரும்பிவர எட்டுத் தொட்டி வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் நாலு தொட்டி கட்டித் திறப்பு விழா நடத்தினார்கள். ஐந்தாவது வாரம் போட இடமில்லாமல், பாதி மக்கினதை அள்ளி வெளியே கொட்டினார்கள். நாற்றம் கிளம்பியது, ஜனங்கள் மறியல் செய்தார்கள், கூடத்தைப் பூட்டினார்கள். திட்டம் தோற்றுவிட்டது என்று எழுதி வைத்தார்கள். தோற்றது அந்த நாலு என்ற எண்.

நாற்றம்தான் உங்கள் கூட்டத்தில் முதல் கேள்வியாக வரும். உரக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்று கேட்பார், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதிலைத் தெரிந்துகொண்டு போங்கள். சமையல் கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், கரிச்சத்து (கார்பன்) குறைவு. நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிச்சத்து வேண்டும். அது கிடைக்காவிட்டால் மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகி மூக்கில் ஏறும். ஈரம் அதிகமாகிக் காற்று அடைபட்டால் அழுகல் நாற்றம். இரண்டுக்கும் ஒரே மருந்து காய்ந்த சருகுதான். ஒரு அடுக்கு ஈரக் குப்பை, அதன்மேல் ஒரு அடுக்கு சருகு, கொஞ்சம் சாணிக் கரைசல். கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்துபோட்ட துணி மாதிரி ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. நன்றாக வேலை செய்கிற தொட்டியின் நடுவே கையை வைக்க முடியாது, 55 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். அந்தச் சூட்டில்தான் புழுவும் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். காலையில் ஆறு மணிக்கு உங்கள் தெருக்களில் நடந்து பாருங்கள். வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சியும் உதிர்த்த இலையை மூலைக்கு மூலை கூட்டிவைத்துத் தீ வைக்கிறார்கள். உரக்கூடத்துக்கு இல்லாமல் தவிக்கிற பொருளைத்தான் அங்கே புகையாக்கி ஆஸ்துமாக்காரர் நெஞ்சுக்குள் அனுப்புகிறோம். எனக்கு வேலையில் இருந்த காலத்திலேயே மிகவும் மனம் நொந்த காட்சி இது. மாசி, பங்குனியில் உதிர்வதைச் சாக்கில் கட்டிச் சேர்த்துவைத்தால் மழைக்காலம் முழுக்கப் போதும். சருகு சேமிக்க ஒரு கொட்டகை என்று மனுவில் தனி வரியாகவே எழுதுங்கள். எழுதாவிட்டால் கட்ட மாட்டார்கள். ஐப்பசி மழையில் சருகு நனைந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

உரம் எவ்வளவு வரும்? போட்ட எடையில் ஆறில் ஒரு பங்கு என்று பிடியுங்கள். அதாவது நாளுக்கு 800 கிலோ போட்டால் 130 கிலோ போல. இதை விற்றுத் திட்டத்தை நடத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உரக்காசில் கூலி கட்டாது. லாபம் எல்லாம் லாரி ஓடாததில்தான் இருக்கிறது, கணக்கை அங்கே எழுதச் சொல்லுங்கள். உரத்தை ஏரியா வீட்டுத் தோட்டங்களுக்கும் பக்கத்து வயல்காரர்களுக்கும் கொடுத்துவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கண்ணாடிச் சில்லும் பிளேடும் அதில் இருக்கவே கூடாது. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர் ஒரு தடவை குத்துப்பட்டால் அடுத்த போகத்துக்கு நம் உரத்தைத் தொட மாட்டார். வீட்டிலேயே பிரித்தால்தான் இது சாத்தியம். கொட்டிய பிறகு பிரித்த குப்பையில் சில்லு மிஞ்சாமல் இருக்காது.

மொட்டை மாடியும் தோட்டமும் இருக்கிற வீடுகள் பிளாஸ்டிக் டிரம்மில் ஓட்டை போட்டு வீட்டிலேயே மக்க வைக்கட்டும். ஆயிரத்தில் இருநூறு வீடு செய்தாலும் உரக்கூடத்தின் சுமை அந்த அளவு இறங்கும். கேரளத்தில் ஆலப்புழை நகரம் 2012 வாக்கில் இப்படித்தான் தொடங்கியது. கிடங்கு இருந்த ஊர்க்காரர்கள் லாரியை மறித்துவிட்டார்கள், வேறு வழியில்லாமல் நகரம் தன் ஈரக் குப்பையை வீட்டிலும் தெருவோரக் காற்றோட்டத் தொட்டிகளிலும் மக்க வைக்கப் பழகியது. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்துக்கு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையும் வந்தது. நாமும் மறியல் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதை உங்கள் கூட்டத்தில் கேளுங்கள்.

இப்போது காய்ந்த குப்பை. இதற்கு தினமும் வண்டி வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் போதும். நெல்லை மாநகராட்சியிலேயே புதன்கிழமை என்றால் பிளாஸ்டிக் மட்டும்தான் வாங்குவது என்று ஒரு ஏற்பாடு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வாங்கியதைச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்து நம் ஊர் ஜனங்களுக்குச் சட்டென்று பிடிபட்ட திட்டம் அதுதான். ஒரு கிழமை, ஒரு பொருள், மறக்க வழியே இல்லை. அதே போல உங்கள் ஏரியாவுக்கு ஒரு கிழமையைக் குறித்துக் கேளுங்கள். பேப்பர், அட்டை, பாட்டில், தகரம் எல்லாம் விலை போகும். விற்ற பணம் பிரித்த தூய்மைப் பணியாளர்களுக்கே போகும் என்று தீர்மானத்தில் எழுதவையுங்கள். பிரிக்கும் வேலை ஒழுங்காக நடக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. விலை போகாத சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு உறை, கிழிந்த பை ஆகியவற்றைச் சேர்த்துவைத்துச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்ப வேண்டியதுதான். தாழையூத்திலேயே ஆலை இருக்கிற ஊர் நம்முடையது.

சானிட்டரி நாப்கின், டயப்பர் இரண்டையும் பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே இது வந்துவிட்டது. பல்பு, பேட்டரி, காலாவதி மாத்திரை, இன்சுலின் ஊசி இவை ஒரு டப்பாவில் சேரட்டும், மாதம் ஒரு தடவை வாங்கினால் போதும். ஊசியைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள் என்று சங்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லுங்கள். பையை அள்ளுகிறவரின் கையில்தான் அது ஏறும். என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு அப்படி ஏறி, ஆறு மாதம் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஆறு மாதமும் அவர் பேத்தியைத் தூக்கவில்லை.

எரிக்கும் எந்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். சிமெண்ட் சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் சூடு, அதனால் அங்கே எரிப்பது வேறு. உங்கள் பூங்கா ஓரத்தில் வைக்கிற சின்ன எந்திரத்தில், ஈரக் குப்பை கலந்து கிடக்கும்போது, பாதிச் சூட்டில் பாதி எரிந்து டயாக்சின் மாதிரி நஞ்சுதான் வெளியே வரும். போதாததற்கு அதற்குத் தினமும் தீனி வேண்டும். குப்பை குறைய வேண்டும் என்று திட்டம் போட்டுவிட்டு, குப்பை குறைந்தால் ஓடாத எந்திரத்தை வாங்குவதில் அர்த்தமே இல்லை.

தெருமுனைத் தொட்டியும் வேண்டாம். தொட்டி வைத்த மறுநாளிலிருந்து பிரிப்பது நின்றுவிடும், யார் போட்டது என்றும் தெரியாது. கல்யாணத்துக்கு வந்தவர், கறிக்கடைக்காரர், அடுத்த ஏரியாக்காரர் எல்லாரும் அங்கேதான் வந்து போடுவார்கள். தூய்மைப் பணியாளர் வீட்டு வாசலில் நின்று வாங்கினால், அவரே நாலு வார்த்தை சொல்லித் திருத்துவார். ‘அக்கா, இதுல பிளாஸ்டிக் கெடக்கு, எடுத்துட்டுக் குடுங்க’ என்று ஒரு வாரம் சொன்னால் பாதி வீடு திருந்திவிடும், இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் பிரித்துக் கொடுத்ததை உங்கள் கண்முன்னே ஒரே வண்டியில் சேர்த்துக் கொட்டினால் எல்லாம் போச்சு. ஈரத்துக்கும் காய்ந்ததுக்கும் தனித்தனி அறை இல்லாத பேட்டரி வண்டி உங்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்பதையும் மனுவில் சேருங்கள். தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை, காலுறை, கை கழுவக் குழாய், உரக்கூடத்தில் கழிப்பறை இவையும் அதே மனுவில் இருக்கட்டும். நம் வீட்டு அழுக்கைக் கையால் பிரிக்கிறவர்களுக்கு ஒதுங்க இடம் இல்லாத திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

குறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. பலருக்குத் தெரியாத விஷயம், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. பேப்பர்தானே என்று கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் மூட்டை மூட்டையாக வாங்குகிறோம். அது மக்கவும் மக்காது, கடையில் விலைக்கும் போகாது. உங்கள் சங்கத்தில் ஐந்நூறு எவர்சில்வர் டம்ளரும் நூறு வாளியும் வாங்கிவைத்து விசேஷத்துக்கு இலவசமாகக் கொடுங்கள். முன்பெல்லாம் சமுதாயப் பாத்திரம் என்று ஊருக்கு ஊர் இருந்ததுதானே. சாப்பாட்டுக்கு வாழை இலை இருக்கிறது, அது உரக்கூடத்துக்கு நல்ல தீனி. ஓட்டல் பார்சலுக்குத் தூக்குவாளி கொண்டுபோனால் சந்தோஷமாக ஊற்றிக் கொடுக்கிறார்கள், கேட்டுப் பார்த்தால் தெரியும். மண்டபங்கள், ஓட்டல்கள், கறிக்கடைகள் இவற்றை வீடுகளோடு சேர்க்காதீர்கள். ஒரு முகூர்த்த நாளில் ஒரு மண்டபம் போடுகிற இலை உங்கள் எட்டுத் தொட்டியையும் திணறடிக்கும். அவர்கள் கழிவுக்கு அவர்களே வழி செய்ய வேண்டும்.

கால்வாயைச் சொல்லாமல் விட முடியாது. நகரம் பரவியது முழுக்க ஆற்றுக் கால்வாய்களின் ஆயக்கட்டில், அதாவது அவை பாய்ந்த வயல்களில்தான். பாளையங்கால்வாயும் அதன் கிளைகளும் மடைகளும் இன்னும் உங்கள் வீடுகளுக்கு நடுவில்தான் ஓடுகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நாம் பட்டதை யாரும் மறக்கவில்லை. அந்த மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்கியிருக்காது, அது வேறு. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு மடைகளைத் திறக்கப் போனபோது நான் பார்த்தது மெத்தை, தெர்மாகோல், பை, கட்டிடம் இடித்த செங்கல். வடிய வேண்டிய தண்ணீரை இரண்டு நாள் கூடுதலாக நிறுத்தியது அவைதான். ஆகவே ஏரியாவுக்குள் ஓடும் ஒவ்வொரு கால்வாய்க்கும் மடைக்கும் ஒரு வரைபடம் போட்டு, புரட்டாசிக்குள் தூர்வாரும் தேதியையும் திட்டத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இடிபாட்டைக் குளக்கரையில் கொட்டாமல் இருக்க, அதற்கென்று ஒரு இடமும் குறிக்கப்பட வேண்டும். இதே ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள்.

மாநகராட்சி முடிந்து ஊராட்சி தொடங்குகிற எல்லைத் தெருக்களைத் தனியாகக் கவனியுங்கள். இரண்டு பக்கத்து வண்டியும் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை, காலி மனை குப்பைமேடாகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத ஓரத்தைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, அதே மாதம் லாரிகளில் அள்ளித் திரும்ப எடுத்துப் போக வைத்தது. எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது அந்தக் குப்பைக்குள் கிடந்த காகிதங்கள்தான். உங்கள் எல்லையில் யாராவது கொட்டினால் உடனே அள்ளிவிடாதீர்கள், முதலில் படம் எடுத்து உள்ளே கிடக்கும் சீட்டுகளைப் பாருங்கள். எல்லைத் தெருக்களுக்கு மாநகராட்சியும் ஊராட்சியும் சேர்ந்து ஒரே வண்டி விடலாம் என்று இரு பக்கமும் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கூட்டத்தில் அதிகாரிகள் ஒரு எண் சொல்வார்கள், கவுன்சிலர் ஒரு எண் சொல்வார், இரண்டும் லாரி நடையை வைத்துக் கண்மதிப்பாகப் போட்டதாக இருக்கும். உங்கள் கையில் உங்கள் எண் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள், போதும். இருபது வீட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரு தொங்கு தராசை வாங்கி, ஏழு நாள் ஈரம் தனி, காய்ந்தது தனி என்று நிறுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். என் 800 கிலோ கணக்குத் தப்பாகவும் இருக்கலாம், உங்கள் எடைதான் சரியானது. தொட்டி எத்தனை, எந்த அளவில் என்பதை அதிலிருந்துதான் போட வேண்டும். ஏழு நாளில் ஒரு ஞாயிறு கட்டாயம் வரட்டும், கறியும் மீனும் எடுக்கிற நாள் அது. இருபதில் ஆறேழு வாடகை வீடாக, முக்கியமாக மாடி வீடுகளாக எடுங்கள். தோட்டம் உள்ள சொந்த வீடுகளை மட்டும் எடை பார்த்தால், ஈரத்தைச் செடிக்கே போட்டுவிடுவதால் ஈரக் கணக்கு குறைவாகக் காட்டும், கட்டுகிற தொட்டியும் அதே அளவுக்குக் குறைந்துபோகும்.